தனி ஆளாக ஆக்சிலரேட்டர் முதலீடு பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தொடக்க நிறுவனங்களுக்கு முதலீடு தரும் ஆக்சிலரேட்டர் ஒன்றுக்கு முதல் முறை விண்ணப்பித்தபோது, இணை நிறுவனர்கள் பற்றிய கட்டத்தை நான் காலியாக விட்டுவிட்டேன். இரண்டு வரியில் மறுப்பு வந்தது. இரண்டாவது முறை, கல்லூரி நண்பன் ஒருவனிடம் கேட்டு அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். நேர்காணல் வரை போனோம். வீடியோ அழைப்பில் எதிரே இருந்தவர் அவனைப் பார்த்து, "நீங்கள் இதுவரை எத்தனை வாடிக்கையாளர்களிடம் பேசியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் பதில் சொல்ல வாயெடுத்ததுமே, "இல்லை, அவரே சொல்லட்டும்" என்றார். மீதி ஆறு நிமிடமும் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது முறை தனியாகவே போனேன், ஆனால் வேறு மாதிரி தயாராகிப் போனேன். இடம் கிடைத்தது.

தனி நிறுவனரைப் பார்த்ததும் தேர்வுக் குழுவுக்கு மூன்று பயங்கள் வரும். இந்த ஆள் சோர்ந்து போனால் பிடித்து நிறுத்த யார் இருக்கிறார்கள்? கட்டுவது, விற்பது என இரண்டையும் ஒருவரே செய்ய முடியுமா? ஒரு நண்பரைக்கூட இந்த யோசனைக்குள் இழுக்க முடியாதவர், நாளைக்கு நல்ல ஊழியர்களை எப்படி இழுப்பார்? ஒய் காம்பினேட்டர் என்ற அமெரிக்க ஆக்சிலரேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம், ஸ்டார்ட்அப்களைக் கொல்லும் தவறுகளை 2006இல் பட்டியலிட்டபோது முதல் தவறாக எழுதியதே ஒற்றை நிறுவனர் என்பதைத்தான். அவர் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய இவைதான். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்று பயங்களில் ஏதாவது ஒன்றுக்குச் சான்றோடு பதில் சொல்வதற்காக. தனியாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனி விண்ணப்பத்தில் எங்கும் வரவே கூடாது.

முதலில் கணக்கு: எவ்வளவு தருகிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள்

ஆக்சிலரேட்டர் என்பது குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் மூன்று மாதம், ஒரு குழுவாகச் சில நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு, பணமும் வழிகாட்டலும் கொடுத்து, பதிலுக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் அமைப்பு. இன்குபேட்டர் அப்படியில்லை. அங்கே இடம், லேப், மானியம் கிடைக்கும், காலக்கெடு தளர்வாக இருக்கும்.

ஒய் காம்பினேட்டரின் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். 2022 முதல் அவர்கள் தருவது மொத்தம் 5 லட்சம் டாலர். அது இரண்டு துண்டாக வரும். 1,25,000 டாலருக்கு 7 சதவீதப் பங்கு. மீதி 3,75,000 டாலருக்கு இப்போதைக்கு விலை கிடையாது. அடுத்து வரும் முதலீட்டாளர்களில் யாருக்கு மிகச் சாதகமான விலையில் பங்கு கொடுக்கிறீர்களோ, அதே விலை இவர்களுக்கும். இரண்டும் 'சேஃப்' எனப்படும், இப்போது பணம் பின்னால் பங்கு என்ற ஒப்பந்த வடிவில் வரும். இந்த வடிவத்தை 2013இல் அறிமுகப்படுத்தியதும் இவர்களே.

இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். 7 சதவீதம் 1,25,000 என்றால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 17.9 லட்சம் டாலர். அடுத்து ஒருவர் 1 கோடி டாலர் உச்ச மதிப்பில் (பங்கைக் கணக்கிட நிறுவனத்துக்கு வைக்கும் அதிகபட்ச மதிப்பு) முதலீடு செய்தால், அந்த 3,75,000 டாலர் 3.75 சதவீதமாக மாறும். ஆக மொத்தம் 10.75 சதவீதம். உங்களிடம் 89.25 மிஞ்சும். ஆனால் அந்த அடுத்த முதலீட்டாளருக்கும் இதிலிருந்துதான் பங்கு, ஊழியர்களுக்கான பங்கு ஒதுக்கீடும் இதிலிருந்துதான். பின்னால் இணை நிறுவனர் வந்தால் அவருக்கும் இதிலிருந்தே.

தனி ஆளுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பேர் பாதிப் பாதியாகத் தொடங்கியிருந்தால், இந்தக் கட்டத்திலேயே ஆளுக்கு 45 சதவீதத்துக்குக் கீழே வந்திருப்பார்கள். உங்கள் கையில் இருக்கும் கூடுதல் பங்கு நல்ல ஆட்களை இழுப்பதற்கான மூலதனம். "முதல் இரண்டு முக்கிய ஊழியர்களுக்கு இத்தனை சதவீதம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்" என்று சொல்ல முடிந்தால், மூன்றாவது பயத்துக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சேருவதற்கு உங்களிடமே கட்டணம் கேட்கும் திட்டங்களும் ஆக்சிலரேட்டர் என்ற பெயரில் உலவுகின்றன. ஒய் காம்பினேட்டருக்கு விண்ணப்பிக்க ஒரு பைசா செலவில்லை. பங்கும் எடுத்துக்கொண்டு பணமும் கட்டச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

உங்கள் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். யோசனை மட்டுமே இருக்கும்போது நேராக ஆக்சிலரேட்டருக்குப் போவது தனி ஆளுக்குக் கடினமான வழி. அந்த நிலைக்குப் பொருத்தமானவை மானியங்கள். ஏனென்றால் அங்கே தனிநபர் என்பது குறையாகவே பார்க்கப்படுவதில்லை.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் முன்மாதிரி செய்து பார்க்க 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கையால் தொடக்கூடிய பொருள், கருவி, மெஷின் செய்கிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம். அதே துறையின் நிதி-இ.ஐ.ஆர். திட்டம், வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கும் ஒருவருக்கு மாதம் 30,000 ரூபாய் வரை, ஓராண்டுக்கு உதவித்தொகை தருகிறது. வீட்டு வாடகைக்கு வழி இல்லாமல் யாரும் ஒரு வருடம் தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாது, அதனால் இதைப் பலருக்கும் நான் முதலில் சொல்வேன். இவை இரண்டும் இன்குபேட்டர்கள் வழியாகத்தான் வரும். உயிரித் தொழில்நுட்பம் என்றால் மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் 'பிக்' மானியம் 50 லட்சம் வரை.

தமிழ்நாட்டில் மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமான இ.டி.ஐ.ஐ. நடத்தும் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் யோசனையைச் சோதிக்க 2 லட்சம், அதைச் சந்தைக்குக் கொண்டுபோக 5 லட்சம் என இரண்டு நிலைகள் உண்டு. மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் திட்டம் 10 லட்சம் ரூபாய் தருகிறது. பெண்கள் தலைமையிலான நிறுவனங்கள், பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம் சார்ந்தவற்றுக்கு 15 லட்சம். ஸ்டார்ட்அப் டிஎன்னுக்கு மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என வட்டார மையங்கள் இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம் 2021இல் தொடங்கியது. முன்மாதிரிக்கு 20 லட்சம் வரை மானியம், சந்தைப்படுத்த 50 லட்சம் வரை கடன் அல்லது பின்னால் பங்காக மாறக்கூடிய கடன்பத்திரம். பதிவாகி இரண்டு ஆண்டு தாண்டாத நிறுவனமாக இருக்க வேண்டும், மூன்று இன்குபேட்டர்களுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுத் திட்டங்கள் சுற்றுச் சுற்றாகத் திறந்து மூடும். விண்ணப்பம் எழுத உட்காருவதற்கு முன் இப்போது திறந்திருக்கிறதா என்று அந்தந்தத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இணை நிறுவனரே வேண்டும், ஆனால் ஆள் தெரியாது என்கிறவர்களுக்கு ஆன்ட்லர் போன்ற திட்டங்கள் உண்டு. தனித்தனி ஆட்களாகவே சேர்த்துக்கொண்டு, உள்ளே வந்தபின் ஜோடி சேர வாய்ப்புக் கொடுப்பார்கள். கூகுளின் ஸ்டார்ட்அப் ஆக்சிலரேட்டர் பங்கும் எடுக்காது, பணமும் தராது; வழிகாட்டல் மட்டும்.

வாடிக்கையாளர்கள் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகே பெரிய ஆக்சிலரேட்டர்களுக்குப் போங்கள். இரண்டு பேர், மூன்று பேர் குழுக்களுக்கு யோசனை நிலையிலும் சில நேரம் இடம் கிடைக்கும். தனி ஆள் அதை நம்பி உட்காரக் கூடாது.

கம்பெனியை எப்படிப் பதிவது

தனி ஆள் என்றதும் ஆடிட்டர்கள் பலர் ஒரு நபர் கம்பெனியைச் சொல்வார்கள். செலவு குறைவு, நடைமுறை எளிது என்பது உண்மைதான். ஆனால் அதில் ஒரே ஒரு பங்குதாரர்தான் இருக்க முடியும். முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்க வேண்டிய நாளில் அதைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றியாக வேண்டும். 2021 ஏப்ரல் முதல் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது நிம்மதி. ஆனாலும் முதலீடு வாங்கும் எண்ணம் தெளிவாக இருந்தால் நேராகப் பிரைவேட் லிமிடெட்டாகவே பதிவது நல்லது.

பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்கள், இரண்டு இயக்குநர்கள் வேண்டும். இங்கேதான் பலர் யோசிக்காமல் தம்பிக்கோ மனைவிக்கோ பாதிப் பங்கை எழுதிவிடுகிறார்கள். 9,999 பங்கு உங்களிடம், 1 பங்கு அம்மாவிடம் என்று இருந்தாலே சட்டத்துக்குப் போதும். நான் அப்படித்தான் செய்தேன். பதிவுத் தாள்களில் அம்மா கையெழுத்துப் போட்ட நாளில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமும் என்ன என்று கேட்டார். பொறுமையாக விளக்கிச் சொன்னேன். உங்கள் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்லுங்கள். நாளைக்கு முதலீட்டு ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்தும் தேவைப்படும்.

பதிந்ததும் ஸ்டார்ட்அப் இந்தியா தளத்தில் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையான டி.பி.ஐ.ஐ.டி.யின் அங்கீகாரம் வாங்கிவிடுங்கள். இலவசம். விதை நிதிக்கு இது கட்டாயம். ஒரு முதலீட்டாளரிடம் 25 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ மாற்றத்தக்க நோட்டு (பின்னால் பங்காக மாறும் கடன்) மூலம் வாங்குவதாக இருந்தாலும் இந்த அங்கீகாரம் வேண்டும். முன்பு ஏஞ்சல் வரி என்று ஒரு தலைவலி இருந்தது, 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை ரத்து செய்துவிட்டார்கள்.

ஒய் காம்பினேட்டர் இந்தியாவில் பதிவான கம்பெனியில் நேரடியாக முதலீடு செய்வதில்லை. அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற ஏற்கப்பட்ட இடம் ஒன்றில் தாய்க் கம்பெனி இருக்க வேண்டும், இந்தியக் கம்பெனி அதன் கீழே வர வேண்டும். இப்படி மாற்றுவதில் அந்நியச் செலாவணி விதிகளும் வருமான வரியும் குறுக்கே வரும். தேர்வாகும் முன்பே அவசரப்பட்டு இதைச் செய்யாதீர்கள். தேர்வானபின் இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் வக்கீலிடம் போங்கள். குடும்ப ஆடிட்டருக்கு இது பழக்கமில்லாத வேலையாக இருக்கலாம்.

விண்ணப்பிக்கும் முன் சேர்க்க வேண்டிய சான்றுகள்

என் வேலை திருப்பூரில், சாயப்பட்டறைக்குப் போய் வரும் துணியின் எடைக் கணக்கைப் பார்க்கும் ஆப். பனியன் கம்பெனிக்காரர் நிட்டிங் முடிந்த துணியைச் சாயப்பட்டறைக்கு எடை போட்டு அனுப்புவார். திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும். சாயம் போடுவதில் கொஞ்சம் குறைவது இயல்பு, அதற்குப் பிராசஸ் லாஸ் என்று பெயர். இயல்பான அளவைத் தாண்டி எவ்வளவு குறைந்தது என்பதில்தான் சண்டை. ஒரு முதலாளி தன் அட்டை நோட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். ஒரு வரியில் 412 கிலோ போனது, டி.சி. (டெலிவரி சலான்) நம்பருடன். நான்கு பக்கம் தள்ளி 391 கிலோ வந்தது. இரண்டுக்கும் நடுவில் மூன்று பட்டறைகளின் கணக்குக் கலந்து கிடந்தது. "இந்த 21 கிலோவுக்கு நான் யாரிடம் போய்க் கேட்பது?" என்றார். அந்த நோட்டுப் பக்கத்தை அவர் அனுமதியோடு போட்டோ எடுத்துக்கொண்டேன். மூன்றாவது விண்ணப்பத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்தப் படம்தான்.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு நோட்டுப் பக்கம் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். அப்புறம், கீழே சொல்வதையெல்லாம் விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே எழுதி வைக்கத் தொடங்குங்கள்.

யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள், பணம் கொடுத்தார்களா என்று ஒரு ஷீட். அதில் மறுத்தவர்களையும் எழுதுங்கள். நேர்காணலில் "வேண்டாம் என்றவர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள்?" என்று கேட்பார்கள், அதற்கு உடனே பதில் சொல்கிறவர் தனியாக நின்றாலும் விவரம் தெரிந்தவராகத் தெரிவார். வாரா வாரம் என்ன முடித்தீர்கள் என்று இரண்டு வரி. ஒரே ஆள் 12 வாரத்தில் இவ்வளவு செய்திருக்கிறார் என்று காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இன்னொன்றைப் பலர் செய்வதில்லை: நீங்கள் இல்லாத ஒரு வாரத்தைச் சோதித்துப் பாருங்கள். நான் ஐந்து நாள் போனை ஒதுக்கி வைத்தேன். மூன்றாவது நாளே ஆப்பைப் பயன்படுத்தும் ஒரு பனியன் யூனிட்டில் லாகின் வேலை செய்யாமல் போய், அங்கே எல்லாம் நின்றுவிட்டது. அதன்பிறகுதான் சர்வர் கடவுச்சொற்களை ஒழுங்காகப் பூட்டி வைத்து, இன்னொருவருக்கு அணுகல் கொடுத்து, எந்தப் பிரச்சினைக்கு என்ன செய்வது என்று நான்கு பக்கத்தில் எழுதினேன். ஒரு அக்கவுண்டன்ட் அக்காவைப் பகுதிநேரமாகச் சேர்த்தேன், வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அடுத்த முறை ஐந்து நாள் போனபோது எதுவும் நிற்கவில்லை. ஆக்சிலரேட்டரில் சேர்ந்தபின் இது இன்னும் முக்கியம். ஒய் காம்பினேட்டர் என்றால் மூன்று மாதம் சான் பிரான்சிஸ்கோவில் இருக்க வேண்டும். இரண்டு நிறுவனர்கள் என்றால் ஒருவராவது ஊர் வேலையைக் கவனிக்கலாம். உங்கள் வாடிக்கையாளர்களை அந்த மூன்று மாதம் யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கு உங்களிடம் பெயரோடு பதில் இருக்க வேண்டும்.

கோட் எழுதத் தெரியாத தனி நிறுவனர்களுக்கு இந்தப் படி கடினமானது, அதை மறைக்க விரும்பவில்லை. மென்பொருள் வேலையை யார் செய்கிறார், நிறுவனர் அல்லாதவர் செய்த பகுதி எது என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். வெளி ஏஜென்சியிடம் கொடுத்துச் செய்தேன் என்றால் ஆர்வம் குறைந்துவிடும். எளிய பதிப்பையாவது நீங்களே செய்யப் பழகுங்கள். வாட்ஸ்அப்பும் கூகுள் ஷீட்டும் வைத்து 20 பேருக்குச் சேவை கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால், ஏஜென்சி செய்து கொடுத்த அழகான ஆப்பைவிட அது மேல்.

விண்ணப்பத்தை எழுதுதல்

விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழில் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியாத ஒன்றை ஆங்கிலத்தில் அலங்காரமாகச் சொல்வது எளிது, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒய் காம்பினேட்டர் படிவத்தில் உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்பதை 50 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். என் முதல் விண்ணப்பத்தின் சாரம் தமிழில் இப்படி இருந்தது: "ஜவுளித் துறைக்கான நவீன ஒருங்கிணைந்த மேலாண்மைத் தளம்." இதைப் படித்தால் எதுவும் மனதில் நிற்காது. மூன்றாவது முறை: "சாயப்பட்டறையில் குறையும் துணியைக் கண்டுபிடிக்கும் ஆப்." படிப்பவருக்குச் சாயப்பட்டறை தெரியாவிட்டாலும், துணி குறைகிறது, இவர் கண்டுபிடிக்கிறார் என்பது புரிந்துவிடும்.

அடுத்தது, இணை நிறுவனர் ஏன் இல்லை, தேடுகிறீர்களா என்ற கேள்வி. "சரியான ஆள் இன்னும் அமையவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதுகிறவர்கள் அதிகம். இது மூன்று பயத்தில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. நான் எழுதியதன் தமிழ் வடிவம் இது:

"கோட் முழுவதும் நான் எழுதியது. பணம் கட்டும் 11 யூனிட்களும் நான் நேரில் போய்ச் சேர்த்தவை. வாடிக்கையாளர் பயிற்சியை 8 மாதமாகப் பகுதிநேர ஊழியர் ஒருவர் பார்க்கிறார். முதலீடு வந்தால் முழுநேரம் வரச் சம்மதித்திருக்கிறார். எடை மெஷினை நேரடியாக இணைக்கும் வேலைக்கு ஹார்டுவேர் தெரிந்தவர் தேவை. இரண்டு பேரோடு தலா ஒரு மாதம் சேர்ந்து வேலை செய்து பார்த்தேன். ஒருவரோடு நிறுத்திக்கொண்டோம். இன்னொருவரோடு தொடர்கிறது. அவர் வராவிட்டாலும் இப்போதைய பொருள் விற்றுக்கொண்டிருக்கும்."

கடைசி வாக்கியத்தை எழுதத் தயங்காதீர்கள். படிப்பவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். ஒருவரோடு நிறுத்திக்கொண்டதை எழுதியதும் வேண்டுமென்றே. ஆள் தேடுவதில் உங்களுக்குத் தரம் பார்க்கத் தெரிகிறது என்பது அதில் வெளிப்படும்.

எண்களை உள்ளபடி எழுதுங்கள். 11 யூனிட் என்றால் 11. இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களைப் பணம் கட்டுகிறவர்களோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். மாத வருமானம் 16,500 ரூபாய் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் நான்கு மாதத்துக்கு முன் அது 6,000 என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன். நேர்காணலில் பேச்சு முழுக்க அந்த ஏற்றத்தைப் பற்றித்தான் நடந்தது.

போட்டியாளர் பற்றிய கேள்விக்கு "யாரும் இல்லை" என்று எழுதவே கூடாது. என் போட்டியாளர் அந்த அட்டை நோட்டு. இலவசம், கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், முதலாளிக்குப் பழகியது. அதை எப்படி ஜெயிக்கிறேன் என்றுதான் எழுதினேன்.

ஒரு நிமிட வீடியோ

போனைச் சாய்த்து வைத்து, முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்து, பேசுங்கள். பின்னணி இசை, லோகோ, எடிட்டிங் எதுவும் வேண்டாம். எழுதி வைத்துப் படிக்காதீர்கள், கண் அசைவதே காட்டிக்கொடுத்துவிடும். யார் நீங்கள், என்ன செய்கிறீர்கள், யார் பணம் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

நேர்காணல்

ஒய் காம்பினேட்டர் நேர்காணல் 10 நிமிடம், வீடியோ அழைப்பில். நம் ஊர் நேரத்துக்குப் பெரும்பாலும் இரவில் வரும். அந்த 10 நிமிடத்தில் 20 கேள்விக்கு மேலும் வரலாம். பாதியில் மறித்து அடுத்த கேள்வி போடுவார்கள். கோபமோ அவமதிப்போ அதில் இல்லை, நேரம் குறைவு. இரண்டு பேர் போனால் ஒருவர் பேசும்போது இன்னொருவர் யோசிக்கலாம். தனி ஆளுக்கு அந்த மூச்சுவிடும் இடம் கிடையாது. அதனால் பயிற்சி உங்களுக்கு மற்றவர்களைவிட இரட்டிப்பாகத் தேவை.

நான் செய்தது: மூன்று நண்பர்களிடம் ஆளுக்கு 15 கேள்வி கொடுத்து, 10 நிமிடம் டைமர் வைத்து, என் பதில் 20 விநாடி தாண்டினால் மறிக்கச் சொன்னேன். ஒரு வாரம் தினமும் இரவு 10 மணிக்கு. முதல் இரண்டு நாள் பதிலைத் தொடங்குவதற்கே 20 விநாடி ஆனது. மூன்றாம் நாளிலிருந்து பதிலின் முதல் வார்த்தையே எண்ணாகவோ பெயராகவோ வரத் தொடங்கியது. "எத்தனை பேர் பணம் கட்டுகிறார்கள்?" "பதினொன்று." அவ்வளவுதான், நிறுத்திவிட வேண்டும். மேலே தெரிய வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள்.

தனி ஆளுக்கென்றே வரும் கேள்விகள் சில உண்டு. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன ஆகும்? ஏன் யாரும் உங்களோடு சேரவில்லை? கடைசியாக இதை விட்டுவிடலாம் என்று நினைத்தது எப்போது? மூன்றாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" என்று சொல்லாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு மாதம் இருந்தது: இரண்டு யூனிட்கள் ஒரே வாரத்தில் விலகின. என்ன நடந்தது, யாரிடம் பேசினேன், எதை மாற்றினேன் என்று அப்படியே சொன்னேன். மனச்சோர்வு வரும்போது பேச ஒரு மூத்த தொழில்முனைவோரோ, இதே நிலையில் உள்ள இன்னொரு தனி நிறுவனரோ வேண்டும். நேர்காணலுக்காகச் சொல்லவில்லை, உங்களுக்கே அது வேண்டும்.

இணை நிறுவனரைத் தேட வேண்டுமா?

டிராப்பாக்ஸைத் தொடங்கிய ட்ரூ ஹூஸ்டன் 2007இல் ஒய் காம்பினேட்டருக்கு விண்ணப்பித்தபோது தனியாகத்தான் இருந்தார். இணை நிறுவனர் வேண்டும் என்று சொல்லப்பட்டதும், அப்போது எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த அராஷ் ஃபெர்தௌசி படிப்பை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்தார். சில வாரத்தில் முடிந்த அந்தச் சேர்க்கை நிலைத்தது. இதைப் படித்துவிட்டு எல்லோரும் இரண்டு வாரத்தில் ஆள் பிடிக்கக் கிளம்பக் கூடாது என்பதற்கு என் இரண்டாவது விண்ணப்பமே சாட்சி.

மறுபக்கமும் உண்டு. ஜேசன் கிரீன்பெர்க், ஈதன் மாலிக் என்ற இரு ஆய்வாளர்கள் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டித் தொடங்கிய நிறுவனங்களை ஆராய்ந்தார்கள். ஒரே நிறுவனர் நடத்திய நிறுவனங்கள் குழுக்களுடையதைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்தன, வருமானத்திலும் குழுக்களுக்குக் கணிசமாகப் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். தேர்வுக் குழுக்களின் வழக்கம் இதனால் மாறிவிடாது. ஆனால் தனியாகத் தொடர்வது அறிவில்லாத முடிவு என்று யாராவது சொன்னால் நீங்கள் குறுகிப்போக வேண்டியதில்லை.

தேடுவதானால், ஒய் காம்பினேட்டரே 2021இல் தொடங்கிய இணை நிறுவனர் பொருத்தத் தளம் இலவசம். யாரைச் சேர்த்தாலும் பங்கை ஒரே நாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். நான்கு ஆண்டில் படிப்படியாகச் சேரும்படியும், முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் எதுவும் கிடைக்காதபடியும் ஒப்பந்தம் போடுவதுதான் வழக்கம்.

தேர்வானபின் படிக்க வேண்டியது

மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்திய முதலீட்டு ஒப்பந்தங்களில் நிறுவனரின் சொந்தப் பங்கையே மேலே சொன்ன நான்கு ஆண்டுக் கணக்குக்குள் கொண்டுவருவார்கள். நீங்கள் ஏற்கெனவே இரண்டு ஆண்டு உழைத்திருந்தால், அதற்கான பகுதியை இப்போதே உங்களுடையதாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பல நேரம் கிடைக்கும். முதலீட்டாளரின் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாத முடிவுகளின் பட்டியலும் இருக்கும். அதில் புதிதாக ஆள் எடுப்பது, சிறு செலவு போன்ற அன்றாட விஷயங்கள் நுழைந்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். நிறுவனர் வேலை செய்ய முடியாமல் போனால் என்ன என்ற பிரிவைத் தனி ஆள் இருமுறை படிக்க வேண்டும்: உடல்நலக் குறைவையும் சொந்த விருப்பத்தில் விலகுவதையும் ஒன்றாக எழுதியிருந்தால், இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இந்தியக் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்து பங்கு ஒதுக்கினால், 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் போக வேண்டும். இதைத் தேதி போட்டு காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நினைவூட்ட உங்களுக்கு இன்னொருவர் இல்லை.

மறுத்தால்

ஒய் காம்பினேட்டர் நேர்காணல் வரை போனவர்களுக்கு மறுப்புக்கான காரணத்தை மின்னஞ்சலில் எழுதுவார்கள். அதை அன்றைக்கே படித்து வாதாடாதீர்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் படியுங்கள். திரும்ப விண்ணப்பிப்பதில் குறை எதுவும் இல்லை. கடந்த முறைக்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்க ஒரு கட்டமே வைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே ஆண்டுக்கு நான்கு தொகுதிகளாக (பேட்ச்) நிறுவனங்களை எடுப்பதால், ஒரு மறுப்புக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவில் சில மாதங்கள்தான்.

அந்தக் கட்டத்தை நிரப்ப இன்றே தொடங்குங்கள். மாதம் ஒருமுறை, உங்களை மறுத்தவர்கள், ஆர்வம் காட்டியவர்கள், தெரிந்த மூத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்த மாதம் நடந்தது, எண்கள், எங்கே உதவி வேண்டும். நான் ஏழு மாதம் விடாமல் அனுப்பினேன். பதில் போட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் மூன்றாவது விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்தபோது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஏழு மின்னஞ்சல்களிலிருந்தும் எடுத்து நான்கு வரி எழுதினேன். பணம் கட்டும் யூனிட் 4இலிருந்து 11. விலகியவை இரண்டு, காரணம் எடையைக் கையால் பதிவு செய்யும் சிரமம். அதைச் சரிசெய்ய ஹார்டுவேர் சோதனை நடக்கிறது. நான் ஊரில் இல்லாத ஐந்து நாளிலும் எல்லா யூனிட்டும் ஓடின.